பதினாறு முடிந்த பிறகு

சாவு வீட்டை நடத்துவதில் நம் தோட்டத்து மக்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு வீட்டில் உயிர் பிரிந்தது என்று தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் வாசலில் தார்ப்பாய் ஏறியிருக்கும், கோவிலில் இருந்து நாற்காலி வந்திருக்கும், யாரோ ஒரு பெண் பெரிய அண்டாவில் தே ஓ கலக்கிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. எட்டாம் நாள் படையல், பதினாறாம் நாள் கருமக்கிரியை வரைக்கும் ஊர் கூடவே நிற்கும்.

பதினேழாம் நாள்தான் சிக்கல். மகன் ஈப்போவுக்கு இறங்கிவிடுவான், மகள் கோலாலம்பூருக்கு, தம்பி சிங்கப்பூருக்கு. கூடத்தில் மிச்சமான தண்ணீர் போத்தல் பெட்டி ரெண்டு, கச்சான் பாதி மூட்டை, சட்டம் போட்ட புதுப் படம் ஒன்று. இத்தனை நாள் சடங்கு வேலையில் ஓடிக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் உட்காருவார். துக்கம் அன்றைக்குத்தான் முழுசாக வரும், பார்க்க ஆள் இருக்காது. இந்த அத்தியாயம் அந்த நாளுக்கானது. பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட், கம்போங் ராஜா பக்கம் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

உடம்பை முதலில் பாருங்கள்

துக்கத்தில் பசி போகும், தூக்கம் போகும், அடுப்பில் வைத்தது மறந்து போகும். கூப்பிட்ட குரல் கேட்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது என்று எழுந்து போய்ப் பார்ப்பீர்கள். துணையை இழந்தவர்களில் கணிசமானோருக்கு இப்படி நேர்கிறது. பைத்தியமும் இல்லை, ஆவியும் இல்லை. மந்திரவாதியைத் தேடிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

நெஞ்சு வலியை மட்டும் ‘துக்கம் அடைக்குது’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு இதயத் தசை திடீரென்று பலவீனமாகி, அசல் மாரடைப்பு மாதிரியே வலி காட்டும் ஒரு நிலை உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் அதற்கு ‘தாகோட்சுபோ’ என்று பெயர் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் எது மாரடைப்பு, எது இது என்று இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. வலி வந்த அன்றே போங்கள்.

அடுத்தது மாத்திரை. இனிப்புநீர், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் சாவு வீட்டுக் குழப்பத்தில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். பலருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தவரே இறந்துபோனவராக இருப்பார். இந்தப் பொறுப்பை மகளோ மருமகனோ பெயர் சொல்லி ஏற்க வேண்டும். தொலைபேசியில் ஒரு நாளைக்கு ஒரு முறை ‘மருந்து போட்டீங்களாம்மா’ என்று கேட்டால் போதும். சாப்பாடும் இப்படித்தான். மூன்று வேளை சமையுங்கள் என்று தனியாக இருக்கும் பெரியவரிடம் சொன்னால் நடக்காது. காலையில் கஞ்சி, சாயங்காலம் யாராவது கொண்டுவரும் ஒரு தட்டு சோறு என்று குறைவாக வைத்துக்கொண்டால் நடக்கும்.

பிரிஞ்சாங் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே இருக்கிறது. விடியற்காலையில் குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்கும். துக்கத்தில் இருப்பவர் சுடுதண்ணீர் வைக்கச் சோம்பி, குளிக்காமல், மெத்தையை விட்டு எழாமல் கிடப்பதற்கு இந்தக் குளிர் ஒரு நல்ல சாக்கு. வெயில் வந்ததும் வெளியே வந்து அரை மணி நேரம் நடக்க வேண்டும். முடியாவிட்டால் வாசலில் நாற்காலி போட்டாவது உட்கார வேண்டும். மோட்டார் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் சில வாரம் தாப்பா பாதையிலோ சிம்பாங் பூலாய் பாதையிலோ தனியாக இறங்காதீர்கள். தூக்கம் கெட்ட மூளைக்கு அந்த வளைவுகள் ஆகாது.

ஐந்து கட்டம் என்ற கதை

வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. துக்கத்துக்கு ஐந்து கட்டமாம்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969இல் எழுதிய நூலில் இருந்து வந்தது அது. அந்த மருத்துவர் பேசியது சாகப்போகும் நோயாளிகளிடம். அவர்கள் போன பிறகு மிஞ்சியவர்களுக்கு அதை அப்படியே மாட்டிவிட்டார்கள். ‘எனக்குக் கோபமே வரலையே, ஏதாவது கோளாறா’ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. ஒரு கோளாறும் இல்லை. கட்டம் கட்டமாக ஏறி முடிக்க துக்கம் ஒன்றும் பள்ளிக்கூடம் இல்லை.

இதைவிட உபயோகமான ஒரு விளக்கத்தை மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நெதர்லாந்தில் இருந்து 1999இல் கொடுத்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய்வருகிறார் என்கிறார்கள்: ஒரு நேரம் இழப்பின் பக்கம், ஒரு நேரம் பிழைப்பின் பக்கம். காலையில் பெரட்டுக்குப் போய், மலைச் சரிவில் கொழுந்து எடுத்து, பக்கத்து நிரையில் இருப்பவர் சொன்ன வேடிக்கைக்குச் சிரித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும் உடைந்து அழுகிறீர்கள். சிரித்தது துரோகமா, அழுதது பலவீனமா என்று இரண்டுக்கும் குற்றவுணர்ச்சி. இரண்டுமே வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்னது. எப்போதும் இழப்பின் பக்கமே கிடந்தாலும் ஆகாது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வேலை வேலை என்று ஓடினாலும் ஆகாது. வேலைக்குத் திரும்பிய பெண்ணைப் பார்த்து ‘புருஷன் செத்து இருபது நாள்கூட ஆகலை, சிரிக்கிறா பாரு’ என்று சொல்லும் வாய் எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். அந்த வாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அலமாரியும் கைத்தொலைபேசியும்

பதினாறாம் நாளுக்குள் இறந்தவரின் பாய், தலையணை, உடுப்பு எல்லாவற்றையும் கட்டி எடுத்துப் போட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். பார்த்துப் பார்த்து அழுவார்களே என்று. ஆனால் வீட்டுக்குரியவரைக் கேட்காமல் செய்வது அநியாயம். இந்த மலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுவெட்டர் உண்டு. வருஷக்கணக்காக ஒரே சுவெட்டர், முழங்கையில் தேய்ந்து, கழுத்தில் நூல் பிரிந்து, கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்கும். அதில் அந்த மனிதரின் வாசனை இருக்கும். அதைத் துவைக்காமல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து, வேண்டாம் என்று அவரே தீர்மானித்தால் அப்போது கொடுத்துக்கொள்ளலாம். எரித்துவிட்டால் திரும்ப வராது.

இன்னொன்று யாருக்கும் தோன்றாமல் போகிறது. அப்பாவின் கைத்தொலைபேசி எண் முன்கட்டண எண்ணாக இருந்தால், காசு போடாமல் விட்டால் சில மாதங்களில் அது ரத்தாகிவிடும். பிறகு வேறு ஒருவருக்கும் போகலாம். அந்த எண்ணோடு வாட்ஸ்அப் கணக்கும் போய்விடும். அவர் அனுப்பிய குரல் பதிவுகள் — ‘மழை பெய்யுது, துணியை எடு’, ‘வர்றப்ப ரொட்டி வாங்கிட்டு வா’ என்று ஒன்றுமில்லாத விஷயங்கள் — பிறகு பொன்னாகத் தெரியும். எண் ரத்தாவதற்குள் அவற்றை வேறு ஒரு தொலைபேசியிலும் கணினியிலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் பத்து நிமிடத்தில் செய்து கொடுப்பார்கள். இப்போதே கேட்க வேண்டும் என்றில்லை. சிலர் ஒரு வருஷம் கழித்துத்தான் கேட்கிறார்கள்.

சடங்கில் எதை வைத்துக்கொள்வது

மேலைநாட்டு ஆலோசகர்கள் நெடுங்காலம் ‘விட்டுவிடுங்கள், மறந்து முன்னே போங்கள்’ என்றே சொல்லி வந்தார்கள். 1996இல் டென்னிஸ் கிளாஸ், பிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் தொகுத்த ஒரு நூல் அதை மாற்றியது. இறந்தவரோடு உள்ள உறவு அறுவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது நோயும் இல்லை என்றார்கள். தீபாவளிக்கு முதல் நாள் அப்பாவுக்குப் பிடித்த ஆட்டுக்கறியையும் ஒரு போத்தல் ஸ்டவுட்டையும் இலையில் வைத்துக் கும்பிட்டு வரும் நமக்கு இது புதிதா? ஆடி அமாவாசை, தை அமாவாசை, திதி, நாளிதழில் படம் போட்டு நினைவஞ்சலி என்று நம்மிடம் இதற்கு வேண்டிய அளவு ஏற்பாடு இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் தீபாவளி பண்டிகை இல்லாத தீபாவளியாக இருந்தாலும் அந்தப் படையலை விடாதீர்கள். அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளிடம் இரண்டு கதை சொல்லவும் அது வாய்ப்பு.

எல்லாச் சடங்கும் இப்படி உதவுவதில்லை. பதினாறாம் நாள் ராத்திரி கைம்பெண்ணை நடுவில் உட்கார வைத்து, பூ வைத்து, வளையல் போட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் களைவது பல குடும்பங்களில் இன்னும் நடக்கிறது. அந்த ராத்திரியை நினைத்தால் சாவைவிடப் பயமாக இருக்கிறது என்று சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். என் கருத்து இது: முன்னாலேயே, தனியாக, நம்பிக்கையான ஒருத்தி அவரிடம் கேட்க வேண்டும். ‘அத்தாச்சி, உங்களுக்கு எப்படி வேணும்?’ தாலியைத் தானே கழற்றிப் படத்துக்கு முன் வைக்கிறேன் என்றால் அப்படியே விடுங்கள். பொட்டு வைத்துக்கொள்வேன் என்றால் அதற்கும் தலையாட்டுங்கள். சபையில் வைத்துக் கேட்டால் எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்ல மாட்டார்.

‘வருஷம் திரும்புற வரைக்கும் கோவில் படி ஏறக் கூடாது’ என்பது இன்னொன்று. தோட்டத்துப் பெண்ணுக்கு நாலு பேரைப் பார்த்துப் பேசக் கோவிலை விட்டால் வேறு இடம் ஏது? தோட்டத்து மாரியம்மன் கோவிலையும் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோவிலையும் ஒரு வருஷம் அடைத்துவிட்டால் அவர் நாலு சுவருக்குள் கிடப்பார். தீட்டுக் கணக்கு குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. உறவுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாமல் கோவில் குருக்களிடமே நேராகப் போய்க் கேளுங்கள். சாமி கும்பிட முடியாவிட்டாலும் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கப் போகலாமா என்றாவது கேளுங்கள்.

ஒப்பாரி வைக்கத் தெரிந்த பாட்டிகள் குறைந்துவிட்டார்கள். இப்போது ஒலிபெருக்கியில் ஓடுகிறது. வாய்விட்டு அழ ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. ‘அழாதே’ என்பதை நம் ஆறுதல் அகராதியில் இருந்து எடுத்துவிடலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

‘விதி’, ‘நல்லவங்களை ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்குவான்’, குழந்தையை இழந்தவளிடம் ‘வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம்’: இவை சொல்கிறவரின் சங்கடத்தைத்தான் தீர்க்கின்றன. ‘எதுன்னாலும் கேளுங்க’ என்பதும் வெறும் வாய் வார்த்தை. துக்கத்தில் இருப்பவர் கேட்க மாட்டார். ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாடு நான் கொண்டாறேன்’, ‘சொக்சோ ஆபீசுக்கு நான் கூட வர்றேன்’ என்று நாளும் வேலையும் சொல்லிப் பேசுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அழுதுவிடுவார்களோ என்று பயந்து ஊரே அந்தப் பெயரை விழுங்கிவிட்டால், இரண்டாவது முறையும் அவர் செத்தார் என்று ஆகிவிடும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, வருவதை வார நாளில் வையுங்கள். சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் கியா ஃபார்மில் இருந்து பிரிஞ்சாங் வரை கார் நகராது. பாதி நாள் ரோட்டிலேயே போய், அம்மாவோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இறங்குவதில் என்ன பயன்?

காகித வேலை

துக்கத்தில் இருப்பவரிடம் நாடு காகிதம் கேட்கிறது. இதைத் தனியாளாகச் செய்யாதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, கோபப்படாத ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இறந்தால் முதலில் போலீஸ் நிலையத்தில் சொல்லி அடக்க அனுமதித் தாள் வாங்க வேண்டும். மருத்துவமனையில் என்றால் அங்கேயே தாள் கொடுப்பார்கள். பிறகு தேசியப் பதிவிலாகாவில் மரணச் சான்றிதழ். அங்கே இறந்தவரின் ஐசியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதால், போவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் நகல் எடுத்து வையுங்கள். அடுத்த ஒரு வருஷம் எல்லாரும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். சான்றிதழிலும் உறுதிசெய்த நகல்கள் பல எடுத்துக்கொள்வது நல்லது. இறந்தவரின் வங்கி அட்டையை வைத்துப் பணம் எடுக்க வேண்டாம். சகோதரர்களுக்குள் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

சொக்சோவில் காப்புறுதி பெற்றவர் இறந்தால் இறுதிச் சடங்குக்கு உதவித்தொகை உண்டு. தகுதி இருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ‘பென்சென் பெனாகாட்’ என்ற மாதாந்தரத் தொகை உண்டு. வேலையிடத்து விபத்திலோ வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்திலோ இறந்தால் அது வேறு திட்டம், ‘ஃபாயிடா ஓராங் தங்குங்கான்’. எதில் விண்ணப்பிப்பது என்று தோட்டத்துக் கிராணியிடம் மட்டும் கேட்டு நிற்காமல் சொக்சோ அலுவலகத்திலேயே கேளுங்கள். இ.பி.எஃப். பணம், முஸ்லிம் அல்லாதவர் விஷயத்தில், யாரை நியமித்திருக்கிறாரோ அவருக்கே போகும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு மாற்றாமலே விட்ட ஆண்கள் ஏராளம். படிக்கிற நீங்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு முறை போய்ப் பாருங்கள்.

உயில் இல்லாவிட்டால் முஸ்லிம் அல்லாதவர்களின் சொத்தை 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. ‘மூத்த மகனுக்குத்தான் எல்லாம்’ என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தொகை சிறியதென்றால் அமானா ராயா நிறுவனத்தை அணுகலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. திருமணச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்த பிறகு, கோவிலில் தாலி கட்டியது மட்டும் போதாது, பதிவும் வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்கிறது. அதற்குப் பிறகு தாலி கட்டி, பதிவு செய்யாமல் இருபது வருஷம் வாழ்ந்த பெண், கணவன் இறந்ததும் மனைவி என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் இருந்தால் காகிதங்களில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சட்ட உதவிக் கழகத்திடம் கேளுங்கள்.

விடுப்பு விஷயத்தில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் துக்கத்துக்கென்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு, முதலாளி மனம் வைத்தால் உண்டு. ஓட்டலிலும் ஸ்ட்ராபெரித் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலாளியின் மனம்தான்.

வீடு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலைக்காரர் இறந்தால், குடும்பத்தில் வேறு யாரும் அங்கே வேலை செய்யவில்லை என்றால், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நிலை வரலாம். பிறந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்ற லயத்தை விட்டு எங்கே போவது என்ற பயம் துக்கத்தோடு சேர்ந்து அழுத்தும். தோட்டத்துக்குத் தோட்டம் நடைமுறை வேறு. யாரும் வந்து சொல்லும்வரை காத்திராமல், நீங்களே ஒரு மாதத்துக்குள் நிர்வாகியைப் பார்த்து எவ்வளவு அவகாசம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மகனோ மகளோ அங்கே வேலைக்குச் சேர முடியுமா என்பதையும் கேளுங்கள். பிள்ளைகள் பட்டணத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றால், முதல் ஆறு மாதத்தில் முடிவெடுக்காமல் இருப்பது நல்லது. ஈப்போ அடுக்குமாடியின் எட்டாவது மாடியில், யாரையும் தெரியாமல், வெக்கையில் உட்கார்ந்திருக்கும் மலைநாட்டு அம்மாக்களின் துக்கம் இரண்டாகப் பெருகிவிடுகிறது. சும்மா போய் இருந்து பார்க்கட்டும். தோட்டத்து வீட்டின் சாவி மட்டும் கையில் இருக்கட்டும்.

பிள்ளைகளும் ஆண்களும்

‘பாட்டி தூங்குறாங்க’ என்று சொன்னால் சின்னப் பிள்ளை தூங்கவே பயப்படும். ‘வெளியூர் போயிருக்காங்க’ என்றால் வாசலில் காத்திருக்கும். ‘செத்துப் போயிட்டாங்க, இனி வர மாட்டாங்க, உடம்பு வேலை செய்யலை, வலிக்காது’ என்று நேராகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கும். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். முகம் பார்க்க வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். அழுத ஐந்தாவது நிமிடம் பந்து விளையாடப் போகும். அது கல்நெஞ்சு அல்ல, பிள்ளைகள் துக்கப்படும் விதமே அப்படித்தான். தமிழ்ப் பள்ளியில் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது அவசியம். மூத்த மகனுக்கு மொட்டையடித்துக் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்த அன்றே ‘இனி நீதான் குடும்பத்துக்கு ஆம்பிளை’ என்று சொல்லாதீர்கள். பதிமூன்று வயதுப் பையன் அவன்.

ஆண்களுக்கு நம் சமூகம் கொடுத்திருக்கும் ஒரே துக்க வடிகால் போத்தல். காரியம் முடிந்த ராத்திரி ‘மாமா, கொஞ்சம் போடுங்க, தூக்கம் வரும்’ என்று ஊற்றிக் கொடுப்பார்கள். மது தூக்கத்தைக் கெடுக்கும், இரண்டாம் சாமத்தில் எழுப்பிவிடும். ஒரு மாதத்தில் அது வழக்கமாகிவிடும். துணையை இழந்த ஆணைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசச் சொன்னால் பேச மாட்டார். வேலியைச் சரிசெய்ய, கோவில் கூரைக்குச் சாயம் அடிக்க, மோட்டார் பிரித்துப் பார்க்கக் கூப்பிடுங்கள். கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கும்.

உடல் கிடைக்காத சாவு

சிலருக்குக் கும்பிட ஒரு முகம்கூடக் கிடைப்பதில்லை. இந்த மலையில் மண் சரியும், ஆறு பெருகும். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோதும், மறு ஆண்டு நவம்பர் மழையிலும் பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கப் பட்டு வணிகர் 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா பங்களாவில் இருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை. போலீசும் ராணுவமும் ஓராங் அஸ்லி வழிகாட்டிகளும் தேடியும் ஒரு தடயம் கிடைக்கவில்லை. நமக்கு இதைவிட நெருங்கிய கதை ஒன்று இருக்கிறது. 1942, 43இல் ஜப்பானியர் சயாம் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. எந்த நாளில் திதி கொடுப்பது என்று தெரியாமலே அந்த மனைவிமார் கிழவிகள் ஆனார்கள்.

இப்படிப்பட்ட துக்கத்தில் நம்பிக்கையும் சோகமும் மாறி மாறி வதைக்கும். ‘இனி வர மாட்டார், காரியம் பண்ணிடு’ என்று அவசரப்படுத்துவதும், ‘வந்துடுவார்’ என்று நம்பிக்கை ஊட்டுவதும் இரண்டுமே தவறு. ஒரு நாளைக் குறித்து, விளக்கேற்றி, இருந்தால் வரட்டும், இல்லையென்றால் நல்லபடியாகப் போகட்டும் என்று கும்பிடுவதைப் பல குடும்பங்கள் செய்கின்றன. அதில் முரண் ஒன்றும் இல்லை. சட்டம் ஏழு ஆண்டு கேட்கிறது: 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் அவர் இறந்ததாகக் கருத நீதிமன்றத்தை நாடலாம். அதனால் காணாமல்போன அன்றே போலீசில் புகார் எழுதி, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். ஏழாண்டுக் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

தூரத்துச் சாவும் ஒரு வகையில் இதே கதைதான். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்தில் இங்கே வந்த நம் முன்னோருக்கு, ஊரில் தாய் இறந்த செய்தி கப்பல் கடிதத்தில் வந்து சேரும்போது அங்கே கருமாதியே முடிந்திருக்கும். தலைமுழுகிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள். இன்றைக்கு அதே சரிவில் கொழுந்து வெட்டும் வங்காளதேசத்துப் பையனும் நேப்பாளத்துப் பையனும் தாயின் இறுதிச் சடங்கைக் கைத்தொலைபேசித் திரையில் பார்க்கிறார்கள். மொழி தெரியாவிட்டாலும் அவர்களுக்கு ஒரு தட்டு சோறு கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

எப்போது வெளி உதவி வேண்டும்

பெரும்பாலானோர் மருந்தும் ஆலோசகரும் இல்லாமலே, குடும்பத்தின் துணையோடு மெல்ல மெல்லத் தேறுகிறார்கள். சுமார் பத்தில் ஒருவருக்கு அப்படி நடப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘நீடித்த துக்கம்’ இப்போது ஒரு தனி நோய். ஆறு மாதத்துக்கு மேலாகியும் முதல் வாரம் போலவே ஏக்கம், அன்றாட வேலை எதுவும் ஓடவில்லை என்பது அதன் அடையாளம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட பட்டியல் பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்கிறது. குழந்தையை இழந்தவர்கள், தற்கொலையில் ஒருவரை இழந்தவர்கள், விபத்தில் திடீரென்று இழந்தவர்கள் இதில் சிக்கும் வாய்ப்பு கூடுதல். இதற்கென்றே தனிப் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, பலனும் தருகிறது.

‘நானும் போயிடணும்’ என்று ஒருவர் சொன்னால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். துக்கத்தில் எல்லாரும் சொல்வதுதான் என்று தள்ளாதீர்கள். ‘உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைக்கிறீங்களா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோட்டத்தில் பூச்சி மருந்துக்கும் களைக்கொல்லிக்கும் குறைவில்லை. வீட்டில் இருந்தால் எடுத்து வேறு இடத்தில் பூட்டுங்கள். அன்று ராத்திரி தனியாக விடாதீர்கள். போலீஸ் வழக்கு வருமோ என்று ஒளிக்க வேண்டியதில்லை: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

நம் ஆட்களைத் தடுத்து நிறுத்துவது இன்னொரு பயம். மனநலம் என்று வாயெடுத்தாலே ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க’ என்பார்கள். 1911இல் இருந்து இயங்கும் அந்த மருத்துவமனையின் பெயர் நம் நாட்டில் வசைச் சொல்லாகவே ஆகிவிட்டது. துக்கத்துக்காகப் போனால் யாரும் அங்கே அடைத்துப் போடப்போவதில்லை. முதலில் பார்ப்பது அரசு சுகாதார நிலையத்தின் சாதாரண டாக்டர். தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

போக முடியாவிட்டால் தொலைபேசி. பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929, இருபத்துநாலு மணி நேரமும்; தமிழில் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள், அந்த நேரத்தில் இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேட்டு மறுபடி கூப்பிடுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. தாலியான் காசே 15999. மூன்றையும் இன்றைக்கே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்க்கக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்.